மானிப்பாயில் தமிழில் படித்த டாக்டர்கள்

திட்டக்குடியில் வெள்ளாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். சாமியே வைத்தியர் என்பதாலோ என்னவோ, ஊரில் டாக்டர் ஆக ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு. ஆனவர்களும் குறைவு! பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வருடா வருடம் ஒரே காட்சிதான். எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்தவுடன், பி.எஸ்சி.யில் எதை எடுப்பது என்ற பேச்சு ஆரம்பமாகும். பயோகெமிஸ்ட்ரியா, மைக்ரோபயாலஜியா, பயோமெடிக்கல் சயின்ஸா, லேப் டெக்னாலஜியா, பிசிஷியன் அசிஸ்டென்டா... "ஆஸ்பத்திரிப் பக்கம் எப்படியாவது ஒரு கால் வெச்சிட்டாப் போதும்டா" என்று யாராவது ஒரு மாமா தீர்ப்புச் சொல்வார்.

சேர்ந்த பிறகுதான் சங்கடம். இதயத்தின் நான்கு அறைகளையும் தமிழில் பெயர் குறித்து அழகாக வரைந்து மார்க் வாங்கிய பிள்ளை, முதல் வருட அனாடமி வகுப்பில் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பாடம் புரியாமல் இல்லை. பாடம் இருக்கும் மொழி புரியவில்லை. இதையெல்லாம் தமிழிலேயே சொல்லித்தந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில்கள் தயாராக வரும். ஒன்று, அதற்கெல்லாம் தமிழில் வார்த்தை கிடையாது. இரண்டு, புத்தகம் கிடையாது.

இரண்டுமே தப்பு. லண்டனில் 1858-ல் முதல் பதிப்பு வந்த 'கிரேஸ் அனாடமி' 1872-லேயே தமிழில் வந்துவிட்டது. அதாவது, பதினாலே வருடத்தில்! அதைப் படித்துத் தமிழிலேயே பரீட்சை எழுதி, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த வேலை நடந்தது சென்னையிலோ மதுரையிலோ அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாய் என்ற ஊரில். செய்தவர் ஒரு அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். (யாழ்ப்பாணத்தார் 'கிறீன்' என்று எழுதுவார்கள்.)

1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரத்தில் பிறந்தவர் கிரீன். பெரிய குடும்பம். அண்ணன் ஆண்ட்ரூ கிரீன் பின்னாளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். தம்பி 1845-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அண்ணனைப் போல அங்கேயே இருந்திருந்தால் காசு பார்த்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிஷனில் சேர்ந்து 1847-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்தைந்து.

அவருக்கு முன்பே அங்கே அமெரிக்க டாக்டர்கள் இருந்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் ஜான் ஸ்கடர். பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு சென்னைக்குப் போனார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்திதான். கிரீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். அங்கே 1823 முதல் மிஷன் நடத்திவந்த செமினரி அந்தக் காலத்தில் பெரிய கல்லூரி மாதிரி. ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழ் இலக்கியம் எல்லாம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று பெருமையாகச் சொல்லப்படும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே.

1848-ல் மானிப்பாய்க்கு மாறிய கிரீன், அந்த வருடமே வைத்தியம் கற்றுத்தரும் வகுப்பையும் ஆரம்பித்துவிட்டார். ஒரு தனி ஆள் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? வாசலில் கூட்டம். காலரா வேறு. எனவே உள்ளூர்ப் பிள்ளைகளைத் தயார் செய்வது ஒன்றுதான் வழி. எடுத்ததும் கத்தியைக் கையில் கொடுத்துவிடவில்லை. உடம்பின் அமைப்பு, உடம்பு வேலை செய்யும் விதம், ரசாயனம், மருந்துச் சரக்குகள் என்று அடித்தளம் போட்ட பிறகே நோயும் சிகிச்சையும். இன்று பயோமெடிக்கல் பி.எஸ்சி.யின் முதல் இரண்டு வருடத்தில் இருப்பவை கிட்டத்தட்ட இவைதான். பயிற்சிக்குப் பக்கத்திலேயே மருந்தகம்.

ஆரம்பத்தில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். அந்தக் காலத்துக்கு அது இயல்பு. கல்கத்தாவில் 1822 முதல் உள்ளூர் மொழியில் வைத்தியம் சொல்லிக்கொடுத்துவந்த அரசாங்கப் பள்ளியை 1835-ல் மூடிவிட்டு ஆங்கிலத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். சென்னை மருத்துவப் பள்ளி தொடங்கியதும் அதே 1835-ல், அதுவும் ஆங்கிலத்தில். கிரீனும் அதே பாதையில்தான் போனார். பையன்கள் நன்றாகவே படித்தார்கள்.

ஆனால் படித்து முடித்த பிறகு என்ன ஆனது? ஆங்கிலம் தெரிந்த, வைத்தியமும் தெரிந்த இளைஞனை அரசாங்கம் விடுமா? நல்ல சம்பளத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே, தூரத்து ஊர்களிலும் வேலை கிடைத்தது. எந்தக் கிராமங்களுக்காகக் கிரீன் அவர்களைத் தயார் செய்தாரோ, அந்தக் கிராமங்களில் வைத்தியர் இல்லை! வணிகவியல் பாஷையில் சொன்னால், முதலீடு மானிப்பாயுடையது, லாபம் வேறு எங்கோ. இதில் பையன்களைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. வீட்டில் கடன் இருக்கும், தங்கைக்குக் கல்யாணம் இருக்கும். சம்பளம் கிடைக்கும் இடத்துக்குத்தான் போவார்கள்.

இங்கேதான் கிரீன் வித்தியாசமாக யோசித்தார். மாணவர்களுக்கு உபதேசம் செய்து பிரயோஜனம் இல்லை, பாடத்தின் மொழியையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். தமிழில் வைத்தியம் படித்தவன் தமிழ் பேசும் ஊரில் தங்குவான். நோயாளிக்கு என்ன வியாதி என்பதை நோயாளியின் பாஷையிலேயே விளக்குவான். மிஷனின் தலைமையும் அப்போது தாய்மொழிக் கல்விப் பக்கம் சாய்ந்திருந்தது. வட்டுக்கோட்டை செமினரியை 1855-ல் மூடியதற்கு ஆங்கிலக் கல்வி மேல் வந்த இந்த அதிருப்தியும் ஒரு காரணம். (நல்ல கல்லூரியை மூடியது சரியா என்று யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். அது நியாயமான வருத்தமும்கூட.)

ஆனால் கிரீனிடம் ஒரு சிக்கல் இருந்தது. தமிழில் சொல்லித்தரப் புத்தகம் இல்லை. இன்று சொல்கிற அதே காரணம்! வித்தியாசம் என்னவென்றால், அவர் அதைக் காரணமாகச் சொல்லிவிட்டு உட்காரவில்லை.

முதலில் கையில் எடுத்தது கால்வின் கட்டர் எழுதிய அமெரிக்கப் பள்ளிக்கூடப் பாடநூல். உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் மூன்றும் சேர்ந்த அடிப்படைப் புத்தகம். 1857-ல் வந்த அதன் தமிழ்ப் பெயரை மூச்சுப் பிடித்துக்கொண்டு படிக்கவும்: 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அங்காதிபாதம் என்றால் அனாடமி, சுகரணவாதம் என்றால் பிசியாலஜி, உற்பாலனம் என்றால் சுகாதாரம். அதே வருடம் 'பிரசவ வைத்தியம்' வந்தது. பிறகு கிரீன் ஊருக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, 1862-ல் மனைவியோடு திரும்பி வந்தார். வந்த பிறகு வகுப்பை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். புத்தக வேலையும் வேகம் பிடித்தது.

1867-ல் 'இரண வைத்தியம்'. இது டிரூயிட் என்ற ஆங்கிலேயரின் அறுவைச் சிகிச்சை நூல். "ரணம் இன்னும் ஆறலை" என்று திட்டக்குடி சந்தையில் பேசிக்கொள்கிறார்களே, அந்த ரணம்தான் இது. நல்ல பெயர்! 1872-ல் கிரேயின் உடற்கூறு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில், எண்ணூறு பக்கங்களுக்கும் மேலாக. அதே 1872-ல் பொது மருத்துவத்துக்கு 'வைத்தியாகரம்'. 1875-ல் ரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்'. 1883-ல் டால்டனின் உடலியங்கியல் 'மனுஷ சுகரணம்' என்று வந்தது. 1884-ல் இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்'. எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும். ஒரு மருத்துவப் படிப்புக்கு அன்று தேவைப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே இதில் அடக்கம்.

கெமிஸ்தத்தின் மூல ஆசிரியர் டேவிட் வெல்ஸ் பற்றி காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. ரசாயனப் பாடநூல் எழுதிய இந்த ஆள் பிறகு பொருளாதாரத்துக்குத் தாவி, அமெரிக்க அரசாங்கத்தின் வரி விவகாரங்களுக்கான சிறப்புக் கமிஷனர் ஆகிவிட்டார்! ஒரு வரி அதிகாரியின் கெமிஸ்ட்ரிதான் மானிப்பாயில் தமிழில் படிக்கப்பட்டது.

இதையெல்லாம் கிரீன் ஒற்றை ஆளாகச் செய்யவில்லை. இந்த விஷயம் பல இடங்களில் விடுபட்டுப்போகிறது. பெரும்பாலும் மொழிபெயர்த்தவர்கள் அவருடைய மாணவர்களே. சாப்மன், டான்போர்த், சுவாமிநாதன் என்று பெயர்கள் வருகின்றன. சாப்மன், டான்போர்த் என்றதும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத் தமிழர்கள்தான். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த முதல் தலைமுறை, அடுத்த தலைமுறைக்காகத் தமிழில் புத்தகம் எழுதியது. கிரீன் வரி வரியாகத் திருத்தினார்.

வார்த்தைகளுக்கு என்ன செய்தார்கள்? கிரீனிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் தமிழில், பழைய வைத்திய நூல்களில் வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கில வார்த்தையையே தமிழ் ஓசைக்கு ஏற்ப வளைத்துக்கொள்வது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பே அந்த மூன்றாவது வகைதான். கெமிஸ்ட்ரிக்கு ஒரு 'அம்' வாலை ஒட்டவைத்ததும் தமிழ் மாதிரி ஆகிவிட்டது! புத்தகத்தோடு நிற்காமல் கலைச்சொல் பட்டியல்களையும் தனியாக அச்சிட்டார்கள்.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சமஸ்கிருத வார்த்தைகள் அதிகம். 'சுகரணம்' என்றால் இன்று பாதிப் பேருக்கு மேல் முழிப்பார்கள், அன்றும் கிராமத்துப் பையன் முழித்திருப்பான். 'உடலியங்கியல்' எவ்வளவோ மேல். ஆனால் ஒரு வார்த்தை பழகப் பழகத்தான் எளிதாகும். 'ஆஸ்பத்திரி'கூட ஒரு காலத்தில் அந்நிய வார்த்தைதானே? பயன்படுத்த ஆள் இருந்திருந்தால் சுகரணமும் பழகியிருக்கும், அல்லது யாராவது அதைவிட நல்ல வார்த்தை கண்டுபிடித்திருப்பார்கள்.

கிரீனைப் புனிதர் ஆக்கவும் தேவையில்லை. அவர் வந்தது மதம் பரப்பவும்தான், அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் கிறிஸ்தவராக மாறிய தமிழர்கள் காற்சட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரி திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழராகவே உடுத்தி, தமிழராகவே வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆள் மொழியை மாற்றியதன் பின்னாலும் இதே எண்ணம்தான் இருந்தது என்று தோன்றுகிறது.

மொத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் படித்துத் தேறினார்கள். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். மேற்கத்திய மருத்துவத்தை முழுக்க முழுக்கத் தமிழில் கற்ற முப்பத்து மூன்று பேர்! இன்றைக்கு ஒரு கல்லூரியின் ஒரே வகுப்பில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் அது ஒரே ஆசிரியர், ஒரு சின்ன மருந்தகம், கையால் எழுதிய மொழிபெயர்ப்புகள் என்று நடந்த படிப்பு.

சரி, ஏன் தொடரவில்லை?

1870-ல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி திறந்தது. ஆங்கிலத்தில். அங்கே படித்தால் அரசாங்க அங்கீகாரம், அரசாங்க வேலை. மானிப்பாயில் தமிழில் படித்தால் அறிவு உண்டு, கிராமத்தில் மரியாதை உண்டு, ஆனால் உத்தியோகத்துக்கு அந்தப் படிப்பு எடுபடாது. பெற்றோர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 1873-ல் உடல்நலம் கெட்டுக் கிரீனும் ஊர் திரும்பினார். அவருக்குப் பிறகு அந்த வகுப்பை அதே பிடிவாதத்தோடு நடத்த ஆள் இல்லை.

எனவே "தமிழில் முடியாது" என்பதால் அது நிற்கவில்லை. முடிந்தது, செய்தும் காட்டினார்கள். படிப்புக்குப் பின்னால் வேலை இல்லை, சான்றிதழுக்கு மதிப்பு இல்லை. அதனால் நின்றது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு தடவையும் விவாதம் வார்த்தைகளைப் பற்றியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதற்கு எதிர் உதாரணம் ஹைதராபாத். நிஜாம் அரசு 1918-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. அங்கே மருத்துவம் உட்பட எல்லாவற்றையும் உருதுவில் கற்பித்தார்கள். மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தனித் துறை வைத்துக்கொண்டார்கள். அரசாங்கமே உருதுவில் நடந்ததால், படித்தவர்களுக்கு வேலையும் கிடைத்தது. 1948-ல் நிஜாம் ஆட்சி போனதும் உருது வழியும் போய்விட்டது. மொழி அதேதான், புத்தகங்களும் அதேதான். பின்னால் நின்ற அரசாங்கம்தான் இல்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கை. கெமிஸ்தம் வந்து நாற்பது வருடம் கழித்து, 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் விஞ்ஞானத்துக்குத் தமிழ் வார்த்தைகள் உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். நல்ல முயற்சிதான். ராஜாஜி பிறகு 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் மானிப்பாயில் போட்ட கோட்டிலிருந்து தொடராமல், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தலைமுறையும் அடித்தளத்தைத் தோண்டிக்கொண்டே இருந்தால் வீடு எப்போது எழும்பும்? வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவப் பள்ளியும் ஆங்கிலத்திலேயே நடந்தது. யாழ்ப்பாணத்திலேயே 1978-ல் மருத்துவ பீடம் வந்தபோது, மானிப்பாயிலிருந்து சில மைல் தூரத்தில், பாடமொழி ஆங்கிலமாகவே இருந்தது.

2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். முதலாண்டுப் புத்தகங்களை இந்தியில் வெளியிட்டார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என மூன்று. கிரீன் முதலில் கைவைத்த அதே அடிப்படைப் பாடங்கள்! அந்தப் புத்தகங்களில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரும்பாலும் அப்படியே தேவநாகரி எழுத்தில் இருக்கின்றன என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிரீனின் வரிசையில் அது மூன்றாவது படி. முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. புத்தகம் வருவது சந்தோஷம். அதைப் படித்தவன் எங்கே வேலை பார்ப்பான், தேர்வை எந்த மொழியில் எழுதுவான் என்ற கேள்வி 1870-ல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பி.எஸ்சி. படிப்புகளில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூடுதல் அவசரம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் மேல்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவனுக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் எக்ஸ்ரே அறையிலும் டயாலிசிஸ் பிரிவிலும் நிற்கப்போகிற பெரும்பாலானவர்கள் தினமும் பேசப்போவது யாரிடம்? பெண்ணாடத்திலிருந்தும் தொழுதூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற ஆட்களிடம். "கிரியாட்டினின் அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது, அது ஏன் குறைந்தது என்று ஒரு விவசாயிக்கு ஐந்து நிமிடத்தில் தமிழில் விளக்கச் சொன்னால், முதல் வகுப்பில் தேறியவரும் திணறுவார். படிக்கும்போது அவர் அதை ஒருமுறைகூடத் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. மானிப்பாய்ப் பையன்களுக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது.

கிரீன் அமெரிக்கா போன பிறகும் வேலையை விடவில்லை. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் அவர் மானிப்பாயை விட்டுப் போன பிறகு வெளிவந்தவை. வூஸ்டரில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. அங்கே உட்கார்ந்து, கடல் தாண்டி வந்த கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டிய வகுப்பு அநேகமாகக் கலைந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. 1884 மே மாதம் காலமானார். கல்லறையில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. மானிப்பாயில் அவர் நடத்திய மருந்தகம் இருந்த இடத்தில் கிரீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது.